போரிலிருந்து வீடு திரும்பும் வழி

வானொலி மறையுரை – நற்செய்தி: மாற்கு 5: 1-20



இங்கிலாந்து நாட்டின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில், ஆல்ரேவஸ் என்ற ஊருக்கு அருகே, நாட்டுக்காகப் பணியாற்றி உயிர்நீத்தோரின் தேசிய நினைவுப் பூங்கா ஒன்று உள்ளது. அந்தப் பூங்காவின் கிழக்கு ஓரத்தில் ஓர் இளைஞனின் சிலை நிற்கிறது. அவன் கண்கள் துணியால் கட்டப்பட்டுள்ளன. கைகள் பின்புறமாகக் கட்டப்பட்டுள்ளன. அவனைச் சுற்றி 306 மரக்கம்பங்கள் நடப்பட்டுள்ளன. ஒவ்வொரு கம்பமும் ஒரு போர்வீரனுக்காக. காலையில் கதிரவனின் முதல் ஒளி படும் இடமாகப் பார்த்து இந்தச் சிலையை வைத்திருக்கிறார்கள். காரணம், இவர்கள் அனைவரும் விடியற்காலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். சுட்டவர்கள் எதிரிகள் அல்லர். இவர்களது சொந்தப் படையினரே.

அந்தச் சிலைக்கு மாதிரியாக அமைந்தவர், ஹெர்பர்ட் பர்டன் என்ற இளைஞர். முதல் உலகப்போரின்போது, 16 வயதில், தன் வயதைக் கூட்டிச் சொல்லிப் பிரித்தானியப் படையில் சேர்ந்தார். 1915ஆம் ஆண்டு ஜூலை மாதம், படையை விட்டு ஓடிய குற்றத்திற்காக மரண தண்டனை பெற்றபோது, அவருக்கு வயது 17. நம் பங்கில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் வயது.

அதே பட்டியலில் ஹாரி ஃபார் என்ற மற்றொரு வீரரின் பெயரும் உண்டு. இவர் ஓடிப்போனவர் அல்லர். போர்முனையில் பலமுறை நின்றவர். 1915ஆம் ஆண்டில் அவர் உடல் நடுங்கத் தொடங்கியது. ஐந்து மாதங்கள் மருத்துவமனையில் இருந்தார். கை நடுக்கத்தால் பேனா பிடிக்க முடியாமல், அவர் மனைவிக்கு எழுத விரும்பிய மடல்களைச் செவிலியர் எழுதிக் கொடுத்தார். பின்னர் மீண்டும் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். 1916 செப்டம்பரில், சோம் நதிப் போரின்போது, இனி தன்னால் தாங்க முடியாது என்று முன்னே செல்ல மறுத்தார். 'கோழைத்தனம்' என்ற குற்றச்சாட்டின் பேரில் அவர்மீது நடந்த இராணுவ விசாரணை, சுமார் இருபது நிமிடங்களில் முடிந்தது. அவருக்காகப் பேச எவரும் இல்லை. அடுத்த மாதம் ஒரு விடியற்காலையில் அவர் சுடப்பட்டார். அவருடைய இளம் மனைவிக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அவமானம் தாங்காமல், அந்தக் குடும்பம் பல ஆண்டுகள் அவர் பெயரையே வெளியில் சொல்லாமல் வாழ்ந்தது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2006ஆம் ஆண்டில்தான், அந்த 306 பேருக்கும் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மன்னிப்பு வழங்கியது. தந்தையைப் பற்றிய நினைவே இல்லாத வயதில் அவரை இழந்த மகள், முதிய வயதில் அந்தச் செய்தியைக் கேட்டார்.

அந்த 306 பேரும் மனம் உடைந்தவர்கள் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால், அவர்களில் பலர், இன்று எந்த மருத்துவரும் உடனே இனங்கண்டு கொள்ளும் ஒரு காயத்தைச் சுமந்தவர்கள். வெளியே தெரியாத அந்தக் காயத்தைப் பற்றியும், அதைச் சுமந்து வருவோரை நாம் எப்படி ஏற்றுக்கொள்வது என்பது பற்றியும் இன்று சிந்திக்க முயல்வோம்.

1914ஆம் ஆண்டு போர் தொடங்கியபோது, அது சில மாதங்களில் முடிந்துவிடும் என்றுதான் பலரும் எண்ணினர். அது நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் வீரர்கள் சேறும் எலிகளும் நிறைந்த பதுங்குகுழிகளில் வாரக்கணக்கில் கிடந்தனர். தலைக்கு மேல் பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. சோம் நதிப் போரின் முதல் நாளான 1916 ஜூலை முதல் தேதி மட்டும் பிரித்தானியப் படையில் 19,000க்கும் அதிகமானோர் இறந்தனர். இது ஐரோப்பியர்கள் மட்டும் அனுபவித்த துன்பம் அல்ல. அந்தப் போருக்காக இந்தியாவிலிருந்தும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். அவர்களில் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை.

போர் தொடங்கிய சில மாதங்களிலேயே மருத்துவர்கள் விந்தையான நோயாளிகளைச் சந்தித்தனர். உடலில் ஒரு கீறல்கூட இல்லை; ஆனால் பேச முடியவில்லை. கண்ணில் குறை எதுவும் இல்லை; ஆனால் பார்வை போய்விட்டது. சிலருக்குக் கால்கள் மரத்துப்போயின. சிலர் ஓயாமல் நடுங்கினர். இரவில் அலறிக்கொண்டு எழுந்தனர். வீரர்கள் தங்களுக்குள் இதை 'ஷெல் ஷாக்', அதாவது பீரங்கிக் குண்டு தந்த அதிர்ச்சி என்று அழைத்தனர். 1915ஆம் ஆண்டில் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் அந்தப் பெயரையே மருத்துவ இதழில் பயன்படுத்தினார். குண்டு வெடிப்பினால் மூளை குலுங்கியதே இதற்குக் காரணம் என்று முதலில் கருதினர். ஆனால், குண்டு விழுந்த இடத்தின் பக்கமே போகாதவர்களுக்கும் இது வந்தது. காயம் மூளையின் திசுவில் அல்ல, மனத்தில் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. போர் முடிவதற்குள், பிரித்தானியப் படையில் மட்டும் சுமார் 80,000 பேர் இத்தகைய நிலையில் மருத்துவம் பெற்றனர்.

இவர்களை என்ன செய்வது? இரு வேறு வழிகள் இருந்தன. இலண்டன் மருத்துவமனை ஒன்றில், லூயிஸ் யீலண்ட் என்ற மருத்துவர், பேச்சிழந்த வீரர்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். பேசும்வரை அந்த அறையை விட்டு வெளியேற முடியாது என்று சொன்னார். பலர் பேசினார்கள். பேசியதும் 'குணமாகிவிட்டார்' என்று எழுதப்பட்டது. அவர்களுடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்று அங்கு கேட்கப்படவில்லை.

மற்றொரு வழியைக் கடைப்பிடித்தவர், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அருகே, கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் பணியாற்றிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர். அக்காலத்தில் நல்லெண்ணத்தோடு எல்லாரும் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: நடந்ததை மறந்துவிடு, அதைப்பற்றி நினைக்காதே. அந்த அறிவுரைதான் வீரர்களை வதைக்கிறது என்று ரிவர்ஸ் கண்டார். பகலில் வலிந்து தள்ளி வைத்தது, இரவில் கனவாகத் திரும்பி வந்தது.

ரிவர்ஸ் எழுதிவைத்த ஒரு நிகழ்வு நம் சிந்தனைக்குரியது. இளம் அதிகாரி ஒருவர், காணாமற்போன தன் நண்பரைத் தேடிச் சென்று, குண்டு வெடிப்பில் சிதறிக் கிடந்த அவர் உடலைக் கண்டார். அன்று முதல் ஒவ்வோர் இரவும் அந்தக் காட்சியே கனவில் வந்தது. தூங்கப் போகவே அஞ்சினார். ரிவர்ஸ் அவரிடம், அதை மறந்துவிடு என்று சொல்லவில்லை. உடல் அப்படிச் சிதறியிருந்ததே, உங்கள் நண்பர் நொடிப்பொழுதில் இறந்தார், நெடுநேரம் துடிக்கவில்லை என்பதற்குச் சான்று அல்லவா என்று எடுத்துச் சொன்னார். அந்த அதிகாரியின் முகம் தெளிந்தது. அதன்பின் சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தது. அதே இடம், அதே உடல். ஆனால் இம்முறை அவர் அஞ்சி ஓடவில்லை. நண்பரின் அருகே முழந்தாளிட்டு, அவர் குடும்பத்தாருக்குக் கொடுப்பதற்காக அவருடைய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்தார். விழித்தபோது அவர் கண்களில் கண்ணீர் இருந்தது, அச்சம் இல்லை. தாங்க முடியாத திகில், தாங்கக்கூடிய துயரமாக மாறியிருந்தது. ஒருவர் அருகே அமர்ந்து செவிமடுத்ததால் நிகழ்ந்த மாற்றம் அது.

இந்தக் காயம் எவ்வாறு உண்டாகிறது? ஆபத்து வரும்போது ஓடித் தப்பவோ, எதிர்த்து நிற்கவோ நம் உடலை இறைவன் ஆயத்தமாகப் படைத்திருக்கிறார். இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, சிறு ஓசையும் பெரிதாகக் கேட்கிறது. ஆபத்து நீங்கியதும் உடல் அமைதியடைகிறது. பதுங்குகுழியில் கிடப்பவரோ, ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. நாள்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருக்க மட்டுமே முடியும். விமானம் ஓட்டியவர்களைவிட, கயிற்றில் கட்டப்பட்ட பலூனில் அசையாமல் அமர்ந்து எதிரியைக் கண்காணித்தவர்களே மனத்தளவில் அதிகம் பாதிக்கப்பட்டனர் என்று ரிவர்ஸ் கவனித்தார். இத்தகைய நிலையில் உடலின் எச்சரிக்கை மணி ஒலித்துக்கொண்டே இருந்து, பின்னர் அதை நிறுத்தவே தெரியாமல் போகிறது. போர் முடிந்து வீட்டுக்கு வந்த பின்னும், கதவு அடிபடும் ஓசையில் உடல் துள்ளுகிறது. உறவினர் கூட்டத்தின் நடுவிலும் கண்கள் வாசலைத் தேடுகின்றன. இது அவர் விரும்பிச் செய்வதும் அல்ல, மன உறுதியால் தடுக்கக்கூடியதும் அல்ல.

அதிலும் இளையோரின் நிலை இன்னும் கடினமானது. உணர்வுகளை அடக்கி ஆளும் மூளைப்பகுதி, இருபது வயதைத் தாண்டிய பின்னரும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அறிவியல் சொல்கிறது. தான் யார் என்று ஓர் இளைஞர் கண்டுகொள்ளும் வயதில், அவர் முதலில் அறிந்துகொள்வது சாவையும் சாகடிப்பதையும் என்றால், அந்த அறிவின் மேல்தான் அவர் தன் வாழ்வைக் கட்ட வேண்டியிருக்கிறது.

வியட்நாம் போர் முடிந்த பின், அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் இதே துன்பத்தோடு வாழ்ந்தனர். அவர்களும், அவர்களுக்காகக் குரல் கொடுத்த மருத்துவர்களும் போராடியதன் விளைவாக, 1980ஆம் ஆண்டில் இது அதிகாரப்பூர்வமான நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. ஈழத் தமிழ் மருத்துவ எழுத்துகளில் இத்தகைய காயத்தை 'மனவடு' என்று குறிப்பிடுகிறார்கள். பொருத்தமான சொல். காயம் ஆறினாலும் வடு இருக்கும். வடு இருந்தாலும் வாழ முடியும்.

மற்றொரு காயமும் உண்டு. பாஸ்டன் நகரில் வியட்நாம் வீரர்களுக்கு மருத்துவம் செய்த ஜோனத்தன் ஷே என்ற மனநல மருத்துவர், அவர்களை வதைத்தது அச்சம் மட்டுமல்ல என்று கண்டார். 'எனக்கு என்ன நேர்ந்தது' என்பது ஒரு துன்பம். 'நான் என்ன செய்தேன், என்னை என்ன செய்ய வைத்தார்கள்' என்பது வேறொரு துன்பம். சரி, தவறு என்று உள்ளத்தில் எழுதப்பட்டிருப்பது உடைவதால் வரும் இதை, அறம் சார்ந்த காயம் என்று அழைக்கின்றனர். இதற்கு மாத்திரை மட்டும் போதாது. 'நீ ஒரு வீரன், நாட்டுக்காகத்தானே செய்தாய்' என்று முதுகில் தட்டிக்கொடுப்பதும் போதாது. தான் செய்தது ஒன்றுமில்லை என்று பிறர் சொல்லும்போது, அந்த உள்ளம் இன்னும் தனிமையாகிறது.

இதை நம் திருஅவை புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. எண்ணிக்கை நூல் 31ஆம் அதிகாரத்தில், போரிலிருந்து திரும்பிய வீரர்கள் ஏழு நாள்கள் பாளையத்திற்கு வெளியே தங்கி, தங்களையும் தங்கள் உடைகளையும் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற கட்டளையை வாசிக்கிறோம். அந்த அதிகாரத்தின் வேறு சில பகுதிகள் நம்மைத் திடுக்கிட வைப்பவை. ஆயினும், கொலைக்களத்திலிருந்து நேராக வீட்டுக்குள் நுழைந்துவிட முடியாது, இடையில் ஒரு காலம் வேண்டும் என்ற அறிவு அங்கே இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் புனித பெரிய பசிலியார், போரில் எதிரியைக் கொன்றவர்களைத் திருஅவைத் தந்தையர் கொலைகாரர்களாகக் கருதவில்லை என்று குறிப்பிட்டார். ஆனாலும், அவர்கள் மூன்று ஆண்டுகள் நற்கருணை வாங்காமல் இருப்பது நல்லது என்று அறிவுரை கூறினார். 1066ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மானியர் வெற்றி பெற்றனர். அதன்பின் அவர்களது ஆயர்கள், வென்ற அந்த வீரர்களுக்கே தவம் விதித்தனர். ஒருவரைக் கொன்றதாக அறிந்தவர் ஓர் ஆண்டுத் தவம் செய்ய வேண்டும்; காயப்படுத்தியவர், அடிபட்டவர் இறந்தாரா என்று அறியாவிட்டால், நாற்பது நாள்கள் தவம் செய்ய வேண்டும்; எத்தனை பேர்மீது அம்பு பாய்ந்தது என்றே அறியாத வில்லாளர்கள், மூன்று தவக்காலங்கள் தவம் செய்ய வேண்டும்.

இன்று கேட்கும்போது இவை கடுமையான தண்டனைகளாகத் தோன்றலாம். அவற்றை இன்று நாம் எவர்மீதும் சுமத்தப் போவதில்லை. ஆனால், அவற்றுக்குள் இருந்த பரிவைத் தவறவிடக் கூடாது. வெற்றி ஊர்வலம், ஒன்றும் நடக்கவில்லை என்பதுபோல் கடந்து போகிறது. தவமோ, ஆம், நடந்தது, அது உன்னைத் தொட்டிருக்கிறது என்று ஏற்றுக்கொள்கிறது. அதைவிட முக்கியமாக, தவத்திற்கு ஒரு முடிவு நாள் இருந்தது. அந்த நாளில் அவர் மீண்டும் சமூகத்தோடு திருப்பலிப் பந்தியில் அமரலாம். குற்ற உணர்வுக்குத் தானாக முடிவு நாள் கிடையாது. திருஅவை அதற்கு ஒரு முடிவைக் கொடுத்தது.

இந்தப் பின்னணியில் இன்றைய நற்செய்தியைக் கேட்போம். கெரசேனர் பகுதியில் ஒருவர் கல்லறைகளிடையே வாழ்கிறார். அவரைச் சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை. இரவும் பகலும் கத்துகிறார். கற்களால் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறார். இயேசு அவரிடம் பெயரைக் கேட்கிறார். 'இலேகியோன்' என்பது பதில். உரோமைப் படையில் சுமார் ஐந்தாயிரம் அல்லது ஆறாயிரம் வீரர்கள் கொண்ட பெரும் பிரிவுக்கு வழங்கிய பெயர் அது. அவர் ஒரு படைவீரர் என்று நற்செய்தியாளர் சொல்லவில்லை. நாமும் அப்படிச் சொல்ல வேண்டாம். மனக்காயம் பட்டவர்களைப் பேய் பிடித்தவர்கள் என்று சொல்வது அதைவிடப் பெரிய தவறு; அவர்கள் காயப்பட்டவர்கள். ஆனால், இறந்தோரின் நடுவே வாழ்வது, உறங்காத இரவுகள், தன்னையே வெறுத்துக் காயப்படுத்துவது, ஒரு படையையே தனக்குள் சுமப்பது... போரிலிருந்து திரும்பிய எத்தனையோ பேர் இந்தப் பகுதியில் தங்களைக் காண்பார்கள்.

ஊரார் செய்தது என்ன? கட்டி வைக்க முயன்றார்கள். இயேசு செய்தது என்ன? அவரிடம் பெயரைக் கேட்டார். இறுதியில் அவர் ஆடையணிந்து, தெளிந்த மனத்தோடு அமர்ந்திருக்கிறார். இயேசுவோடு படகில் வர விரும்புகிறார். ஆனால் இயேசு அவரை அவருடைய வீட்டிற்கு, அவருடைய உறவினரிடம் அனுப்புகிறார். குணமடைதல் வீடு திரும்பும்போதுதான் நிறைவடைகிறது. அப்படியென்றால், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கெரசேன ஊராரோ அஞ்சினார்கள். நாம் என்ன செய்யப் போகிறோம்?

இராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் நம் தமிழகத்தில் பல உண்டு. வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை அதற்குப் பெயர்பெற்றது. நம் பங்குகளிலும், எல்லையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். போரிலிருந்து தப்பி வந்து நம்மிடையே வாழும் ஈழத்துக் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுள் எல்லாரும் இந்தக் காயத்தைச் சுமக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். போருக்குச் சென்று நலமாகத் திரும்பி, அமைதியாக வாழ்வோர் பலர். ஆனால், ஒருவர் இரவில் உறங்காமல் திண்ணையில் அமர்ந்திருந்தால், காரணமின்றிச் சினந்தால், திருவிழாவுக்கு வராமல் வீட்டுக்குள் இருந்தால், குடியில் மூழ்கினால், 'அவர் குணமே அப்படி' என்று தீர்ப்பிடுவதற்கு முன் சற்று நிற்போம்.

நம்மால் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் பயனுள்ளவை. எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று விளையாட்டாகவும் கேட்க வேண்டாம். நம் பிள்ளைகளையும் கேட்க விட வேண்டாம். அவராகப் பேசும்போது அறிவுரை சொல்லாமல் கேட்போம். பேசாதபோது அவர் அருகே அமர்ந்திருப்போம். கிறிஸ்து பிறப்பு இரவிலும் பங்குத் திருவிழாவிலும் வெடி வெடிக்கப் போகிறோம் என்றால், எப்போது, எங்கே என்று அவரிடம் முன்கூட்டியே சொல்வோம். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் இந்தப் பாரத்தின் மறுபாதியைச் சுமக்கிறார்கள். அன்பியக் கூட்டங்களில் அவர்களையும் நலம் விசாரிப்போம்.

ஒப்புரவு அருளடையாளமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. நடந்ததைச் சொல்லி, மன்னிப்பின் வார்த்தையைக் காதால் கேட்பது பெரும் விடுதலை. ஆனால், எச்சரிக்கை மணி நிற்காத உடலுக்கு மருத்துவர் தேவை. செபம் செய்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தச் சொல்வது விசுவாசம் அல்ல. கால் முறிந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாம், மனம் முறிந்தாலும் அப்படியே செய்வோம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம்; அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளிப்படுத்தினால், அவரைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுவோம்.

முதல் உலகப்போரின் நடுவே, 1917ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி, திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் போரிடும் நாடுகளின் தலைவர்களுக்கு மடல் எழுதி, இது பயனற்ற படுகொலை என்று எச்சரித்தார். அவர்கள் கேட்கவில்லை. அந்நேரத்தில், இத்தாலியின் பெர்கமோ நகர இராணுவ மருத்துவமனைகளில், ஆஞ்செலோ ரொன்காலி என்ற இளம் அருள்பணியாளர், அடிபட்டு வந்த இளைஞர்களின் படுக்கையருகே அமர்ந்திருந்தார். பின்னாளில் திருத்தந்தை 23ஆம் யோவானாகி, 1963ஆம் ஆண்டில் அமைதிக்கான சுற்றுமடலை உலகிற்கு வழங்கியவர் அவரே. போரை நிறுத்தும் அதிகாரம் நம்மிடம் இல்லாமலிருக்கலாம். படுக்கையருகே அமரும் வாய்ப்பு நம் அனைவருக்கும் உண்டு.

ஆல்ரேவஸ் பூங்காவில் நிற்கும் அந்த 17 வயது இளைஞனின் கண்கட்டு இனி அவிழப் போவதில்லை. அவனுக்கு வழங்கப்பட்ட மன்னிப்பு தொண்ணூறு ஆண்டுகள் தாமதமாக வந்தது. நம் தெருவில் வாழும் ஒருவருக்கு நம் பரிவு அப்படித் தாமதமாக வர வேண்டாம். கல்லறைகளிடையே வாழ்ந்தவரைத் தேடிச் சென்று, பெயர் கேட்டு, வீட்டுக்கு அனுப்பிய ஆண்டவர், வீடு திரும்புவோருக்குக் கதவைத் திறந்து வைக்கும் மனத்தை நமக்கும் தந்தருள மன்றாடுவோம்.